முறைக்கல்லில் இருந்த முள்ளம்பன்றி

நாவல்மடுவின் கரையில் ஒரு கறுப்புப் பாறை இருந்தது. அதன் மேல் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தான்.

“முயல் முறை! முயல்கள் மட்டும் வாங்க! ஏம்மா மானு, அடுத்தது நீதான். குட்டியை இழுத்துப் பிடி!”

சித்திரை வெயில். ஆறு வற்றி மணலாகிவிட்டது. ஆற்றுக்கு நடுவே ஆழமாகக் குழிந்து கிடந்த இந்த மடுவில் மட்டும்தான் தண்ணீர் நின்றது. காட்டில் இருக்கிற அத்தனை உயிரும் இதில்தான் குடிக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக இறங்கினால் தண்ணீர் சேறாகிவிடும். அதனால் முறை வைத்துக் குடிப்பார்கள். முதலில் முயல், அணில் போன்ற சின்ன உயிர்கள். அப்புறம் மான்கள். அப்புறம் மற்றவர்கள். கடைசியில் காட்டுப்பன்றிகள். ஏனென்றால் பன்றிகள் குடிப்பதோடு விடாது, புரளும். அவை புரண்டுவிட்டுப் போனால் சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிய மறுநாள் காலை ஆகிவிடும்.

முறை சொல்கிறவர் உட்காரும் அந்தப் பாறைக்கு முறைக்கல் என்று பெயர். வருஷா வருஷம் காட்டுச் சபை கூடி ஒருவரை அதில் உட்கார வைக்கும். இந்த வருஷம் சிலுப்பனை உட்கார வைத்திருந்தது.

இதில் என்ன அதிசயம் என்றால், சிலுப்பன் நாவல்மடுவில் பிறந்தவனே இல்லை!

அவன் கரட்டுக்காட்டுக்காரன். அங்கே ஆறும் கிடையாது, மடுவும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த கொஞ்ச நஞ்ச ஊற்றும் வறண்டது. சிலுப்பன் தன் மனைவி முள்ளழகியையும் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏழு நாள் நடந்தான். நாவல்மடுவின் கரைக்கு வந்து சேர்ந்தபோது குட்டிகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் பெயர் துழாவி. சபையில் கேள்வி கேட்பவள் அவள்தான்.

சிலுப்பன் பயந்துபோய், “நாங்க வந்து… கரட்டுக்காட்டுல இருந்து…” என்று ஆரம்பித்தான்.

“முதல்ல வாய் நனைச்சுக்குங்க. கதையை அப்புறம் சொல்லலாம். எங்கே போகப் போகுது கதை!” என்றாள் துழாவி.

அந்த ஒரு வாய் தண்ணீரைச் சிலுப்பன் மறக்கவே இல்லை. இந்த மண்ணுக்கு என்ன செய்து கடனைத் தீர்ப்பேன் என்று ஓடி ஓடி வேலை செய்தான். முயல்களின் வளை இடிந்தால் தோண்டிக் கொடுத்தான். தண்ணீர்த் துறையில் யாராவது சின்ன உயிரை நெட்டித் தள்ளினால், நடுவில் போய் நின்று முள்ளைச் சிலிர்த்துக் கலகலவென்று ஓசை எழுப்புவான். யாரையும் குத்த மாட்டான். ஆனாலும் தள்ளியவர் தானாக இரண்டடி பின்னால் போவார்.

“இவர் நின்னா தள்ளுமுள்ளே இல்லைப்பா!” என்றன முயல்கள்.

“தள்ளு இல்லை. முள்ளு இருக்கு!” என்றது ஓர் அணில். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த வருஷம் கல்லுக்கு யார் என்று கூடிய சபையில் சிலுப்பன் பெயர் வந்தபோது மயில்களின் தலைவர் தோகையார் மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். “நேத்து வந்த முள்ளு! இது நமக்கு முறை சொல்லுமா?” என்றார். ஆனால் மற்ற எல்லோரும் சரி என்றார்கள்.

கல்லில் ஏறும் முன் சத்தியம் செய்ய வேண்டும். துழாவி சொல்லச் சொல்ல, சிலுப்பன் திருப்பிச் சொன்னான்.

“கல்லில் இருக்கிறவன், முறை கேட்டு வருகிறவர் கையால் வாய் நனைக்க மாட்டான். இது சத்தியம்.”

யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். சிலுப்பன் அதைக் கணீரென்று சொன்னான். கீழே நின்ற முள்ளழகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு நாள் கரட்டுக்காட்டில் தீப்பிடித்தது. நாற்பது கவுதாரிகள் குஞ்சு குளுவான்களோடு ஓடி வந்து நாவல்மடுவின் கிழக்குப் புதரில் ஒண்டின. அவற்றைக் காட்டில் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று பௌர்ணமி அன்று சபை முடிவு செய்யும். அதுவரை நாளுக்கு ஒரு வாய் தண்ணீர்தான்.

கவுதாரிகளில் மூத்தவள் செம்பி, சிலுப்பனிடம் வந்து சொன்னாள். “அண்ணே, நீங்க அந்தக் கல்லுல இருக்கிறதைப் பார்த்துத்தான் எங்களுக்கு உசுரு வந்துச்சு. நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை இவ்வளவு உயரத்துல வெச்சிருக்காங்கன்னா, எங்களையும் விரட்ட மாட்டாங்க இல்ல?”

“நான் இருக்கேன், பயப்படாதே” என்றான் சிலுப்பன். அவன் நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்துவிட்டது!

ஒரு சாயங்காலம் கோரையன் என்ற காட்டுப்பன்றி சிலுப்பனின் வளைக்கு வந்தான். வாயில் ஒரு பெரிய காட்டுவள்ளிக் கிழங்கு.

“சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேண்ணே. வெறும் வாயோட வந்தா நல்லாவா இருக்கும்?”

முள்ளழகி மெல்லச் சொன்னாள். “என்னங்க, சத்தியம் பண்ணியிருக்கீங்களே…”

“அது கல்லுல இருக்கும்போது! இப்ப நான் வீட்டுலதானே இருக்கேன்?” என்றான் சிலுப்பன்.

அவன் ஏமாற்றவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். கரட்டுக்காட்டில் தண்ணீர் கிடையாது அல்லவா? அங்கே ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போனால், ஈரமுள்ள கிழங்கு ஒன்றைக் கொண்டுபோவார். வீட்டுக்காரர் அதைக் கடித்து வாய் நனைக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால், உனக்கும் எனக்கும் இனிமேல் பேச்சில்லை என்று அர்த்தம். சிலுப்பன் கிழங்கைக் கடித்தான். மாவு மாதிரி கரைந்தது.

மறுநாள் துழாவி ஈர உடம்பை உதறிக்கொண்டு கரையேறி வந்தாள்.

“சிலுப்பா, நேத்து கோரையன் கையால வாய் நனைச்சியாமே?”

“ஆமாக்கா! என்ன ருசிங்கிறீங்க!”

துழாவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு.

“அடப்பாவி! சத்தியம் என்னாச்சு?”

“நான் கல்லுல இல்லையேக்கா. வீட்டுல இருந்தேன்.”

“கல்லுல இருக்கிறதுன்னா உட்கார்ந்திருக்கிறது இல்லப்பா! அந்த வேலையில இருக்கிறது. நீ தூங்கும்போதும் கல்லுலதான் இருக்கே. குட்டிக்குப் பேன் பார்க்கும்போதும் கல்லுலதான் இருக்கே. மழை வந்து ஆறு ஓடுற வரைக்கும் நீ கல்லுலதான் இருக்கே!”

சிலுப்பனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. “எங்க கரட்டுல வேண்டாம்னு சொன்னா பகைக்கா…”

“தெரியும். இங்கே கல்லுல இருக்கிறவர் வாங்கிட்டாத்தான் பகை. தெரியாம செஞ்சது ஒரு தடவை. போகட்டும். இனிமே தெரியும்” என்றாள் துழாவி. யாரிடமும் இதைச் சொல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

சிலுப்பன் அவள் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டான். இனி யார் என்ன கொடுத்தாலும் தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் வளை வாசலில் ஒரு கிழங்கு கிடந்தது. பக்கத்தில் கோரையன் நின்றான்.

“எடுத்துட்டுப் போ கோரையா! உன் கையால நான் எதுவும் தின்னக் கூடாது.”

“என் கையாலயா?” கோரையன் கண்ணை அகல விரித்தான். “எனக்குக் கை எங்கண்ணே இருக்கு? எண்ணிப் பாருங்க, நாலும் காலு! இதை நான் மூக்காலதானே தள்ளி வெச்சேன்! காட்டுல உருண்டு வந்த கிழங்கு. நீங்க பொறுக்கித் தின்னா யாரு கேட்பா?”

சிலுப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. சிரித்த வாயால் விரட்ட முடியுமா? கோரையன் போன பிறகு கிழங்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். முதுகில் முள் எல்லாம் தானாகச் சிலிர்த்துக்கொண்டது. செய்வது தப்பு என்று இந்தத் தடவை அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்றான்.

பாதியை வீட்டுக்குள் எடுத்துப்போய், “நானே தோண்டினேன்” என்று முள்ளழகியிடம் கொடுத்தான்.

முள்ளழகி அவன் நகத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மண் இல்லை. தன் பங்கை அவள் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு கிழங்கு வந்தது. கோரையன் முதல் மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் கல்லுக்குப் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான்.

“அண்ணே, என் வீட்டுக்காரி நிறைமாசம். வெயில் தாங்க மாட்டேங்குறா. மானுக்கு முன்னால ஒரே ஒரு நாள் எங்களை விட்டுடுங்களேன்!”

ஒரு நாள்தானே என்று விட்டான். அடுத்த நாளும் ஒரு நாள்தானே! அதற்கடுத்த நாள் கோரையன் கேட்கவே இல்லை. தன் கூட்டத்தோடு நேராக இறங்கிவிட்டான். சிலுப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “பன்றி முறை!” என்று கூவினான்.

மான்கள் சேற்றைத்தான் குடித்தன. புள்ளியம்மா என்ற மானின் குட்டிக்கு வயிற்றால் போனது. இரண்டு நாளில் அதற்கு எழுந்து நிற்க முடியவில்லை.

புள்ளியம்மா துழாவியிடம் போய் அழுதாள். துழாவி சபையைக் கூட்டினாள். கல்லில் உட்கார்ந்திருந்த சிலுப்பனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“சிலுப்பா, நேராவே கேக்குறேன். பன்றி முறை ஏன் முன்னால வந்துச்சு? நீ கோரையன்கிட்ட மறுபடியும் வாய் நனைச்சியா?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் வந்தது வேறு.

“இல்லை! ஏங்க்கா, இதுக்கு முன்னால இந்தக் கல்லுல இருந்தவங்களை எல்லாம் இப்படிக் கூட்டம் போட்டா கேட்டீங்க? நான் வந்தவன். அதனாலதானே கேக்குறீங்க? கரட்டுக்காட்டுக்காரன்னா திருடன், அப்படித்தானே!”

ஒரு முயல் சட்டென்று எழுந்தது. “சே! பாவம், எவ்வளவு உழைச்ச மனுஷர்! இப்படியா கேக்குறது?” என்றது. இன்னொன்றும் எழுந்தது. ஆளாளுக்குத் துழாவியைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவள் முகத்தில் அடி வாங்கியது மாதிரி ஒரு வலி தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் வாய் தண்ணீர் கொடுத்தவள் அல்லவா!

கூட்டம் கலைந்தது. புள்ளியம்மா மட்டும் தயங்கித் தயங்கிக் கல்லடிக்கு வந்தாள்.

“மன்னிச்சிடுங்கண்ணே. நான்தான் அக்காவைக் கேட்கச் சொன்னேன். குட்டி படுத்துட்டான்னு மனசு கெட்டுப்போயிடுச்சு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

சிலுப்பனுக்கு அந்தக் கல் நெருப்பாகச் சுட்டது. “பரவாயில்லைம்மா” என்று எப்படியோ சொன்னான்.

வீட்டில் முள்ளழகி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஜெயிச்சுட்டேன். நீ சந்தோஷப்படலையா?” என்றான் சிலுப்பன்.

“நகத்துல மண்ணில்லாத அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்றாள் முள்ளழகி. அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். அன்று நிமிர்ந்து பேசினாள். “நீங்க கிழங்கைத் தின்னது கூட எனக்குப் பெரிசாத் தெரியலைங்க. வயித்தோட போகும். நம்ம சனத்தை இழுத்து முன்னால நிறுத்தி, நீங்க பின்னால ஒளிஞ்சுக்கிட்டீங்களே, அது எங்கே போகும்?”

“தோகையார் பேசுறதைக் கேட்டிருக்கே இல்ல? நிஜமாவே நம்மளை வந்தவன், வந்தவன்னுதானே சொல்றாரு?”

“சொல்றாரு. நாளைக்கு அந்த மனுஷர் நிஜமாவே ஒரு கவுதாரிக் குஞ்சைக் காலால எத்தினா, அது அழுதுக்கிட்டே ‘வந்தவன்னுதானே என்னை எத்துறே’ன்னு கேட்டா, யாராச்சும் நம்புவாங்களா? சிலுப்பனும் இதைத்தான் சொன்னான், பொய் சொன்னான்னு போயிடுவாங்க. அந்தக் குஞ்சு சொல்ல வேண்டிய வார்த்தையை நீங்க இன்னைக்கே தின்னுட்டீங்க!”



பௌர்ணமி வந்தது. வெயில் தாழ்ந்த நேரத்தில் சபை கூடியது. கிழக்குப் புதரிலிருந்து கவுதாரிகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. செம்பியின் சிறகுக்குள் குஞ்சுகள் நடுங்கின. வெளியே போகச் சொன்னால் அவற்றுக்குப் போக இடம் கிடையாது. திரும்பினால் எரிந்த காடு. தாண்டிப் போனால் பொட்டல்.

துழாவி பேச ஆரம்பிக்கும் முன்பே தோகையார் தோகையை விரித்துக்கொண்டு நடுவில் வந்தார்.

“கவுதாரிகளைப் பத்தி அப்புறம் பேசலாம். கேளுங்க! கோரையன் சேத்துல புரண்டுக்கிட்டே தன் கூட்டாளிகிட்ட என்ன சொல்றான் தெரியுமா? ‘ஒரு கிழங்குக்கு ஒரு முறை. சிலுப்பன் வாய் என் பாக்கெட்டுல’ங்கிறான்!”

“பன்றிக்கு ஏதுங்க பாக்கெட்டு?” என்றது அணில்.

“சும்மா இரு! ஒருத்தனை உள்ளே விட்டோம். முறையே கெட்டுச்சு. இப்ப நாற்பது பேர் நிக்குது! இந்தச் சிலுப்பனையும் குடும்பத்தோட விரட்டணும். அந்த நாற்பதையும் விரட்டணும். கரட்டுக்காட்டு ரத்தமே இப்படித்தான்!”

கோரையன் பதறிப்போய், “நான் எப்பச் சொன்னேன்? மயிலுக்குக் காது கோளாறு!” என்றான். பிறகு சிலுப்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நீங்க இல்லைன்னு சொல்லுங்கண்ணே. நானும் இல்லைங்கிறேன். பார்த்தவங்க யாரும் இல்லை!” என்றான்.

அது உண்மைதான். பார்த்தவர் யாரும் இல்லை. முயல்கள் மறுபடியும் சிலுப்பனுக்காக எழுந்து நிற்கத் தயாராக இருந்தன. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். கல் அவனுக்கு இருக்கும்.

சிலுப்பன் கிழக்குப் புதரைப் பார்த்தான். செம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இன்னும் அந்த நம்பிக்கை இருந்தது. இல்லை என்று சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் கோரையன் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் எல்லாம் வெளியே வரும். அன்று தோகையார் சொல்வதுதான் எடுபடும். கரட்டுக்காட்டு ரத்தம்!

சிலுப்பன் எழுந்தான். முள் எல்லாம் கலகலவென்று நடுங்கியது. மெதுவாகக் கல்லிலிருந்து இறங்கித் தரையில் நின்றான்.

“வாய் நனைச்சேன்” என்றான்.

யாருக்கும் புரியவில்லை. “என்னண்ணே சொல்றீங்க?” என்றது ஒரு முயல்.

“கோரையன்கிட்ட வாய் நனைச்சேன். ஒரு நாள் இல்லை, பன்னிரண்டு நாள். முதல்ல தெரியாம ஒரு தடவை. துழாவிக்கா சொல்லிக் கொடுத்து மன்னிச்சாங்க. அப்புறம் பதினோரு நாள் தெரிஞ்சே தின்னேன். அதுக்காகத்தான் பன்றி முறையை முன்னால விட்டேன். புள்ளியம்மா, உன் குட்டி படுத்ததுக்கு நான்தான் காரணம். நீ வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டே. நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். கிழங்கை வாங்கினதை விட அதுதான் கேவலம்.”

புள்ளியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சிலுப்பன் துழாவியின் பக்கம் திரும்பினான்.

“நான் வந்தவன்னு அக்கா என்னைக் கேக்கலை. கல்லுல இருக்கிறவன்னு கேட்டாங்க. எனக்கு அது அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் மாத்திச் சொன்னேன். தப்பு பண்ணது இந்த வாய். இந்த ஒரு வாய்தான். எங்க கரட்டுக்காடு பண்ணலை. அந்தக் குஞ்சுங்க பண்ணலை. அதுங்களை இதுல சேர்க்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

தோகையார்தான் முதலில் கத்தினார்.

“பார்த்தீங்களா! அவனே ஒத்துக்கிட்டான்! விரட்டுங்க!”

துழாவி தண்ணீரிலிருந்து முழுசாக வெளியே வந்தாள்.

“கொஞ்சம் இருங்க தோகையாரே. நாலு வருஷம் முன்னால உங்க சின்ன மாமா இந்தக் கல்லுல இருந்தாரு. புத்துல இருக்கிற பாம்புங்ககிட்ட கறையான் வாங்கித் தின்னுட்டு முறையை மாத்தினாரு. ஞாபகம் இருக்கா?”

தோகையாரின் தோகை கொஞ்சம் சுருங்கியது. “அது… அது பழைய கதை.”

“அவரை என்ன பண்ணோம்?”

“கல்லுல இருந்து இறக்கினீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான். அந்த வேப்ப மரத்துலதான் இருக்காரு.”

“மயில் ரத்தமே இப்படித்தான்னு உங்க எல்லாரையும் விரட்டினோமா?”

அணில் கிக்கிக் என்று சிரித்தது. தோகையார் தோகையை முழுசாக மடக்கிக்கொண்டார்.

துழாவி சபையைப் பார்த்துச் சொன்னாள். “கல்லுல இருந்து தப்பு பண்ணா, கல்லுல இருந்து இறக்கணும். மறுபடியும் எப்பவும் ஏத்தக் கூடாது. அதான் நம்ம முறை. காட்டுல இருந்து இறக்குறதுக்கு இங்கே முறை எதுவும் கிடையாது. இங்கே பிறந்தவனுக்கு ஒரு தண்டனை, நடந்து வந்தவனுக்கு ஒரு தண்டனைன்னு நான் எப்பவும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். சிலுப்பா, நீ இனிமே இந்தக் கல்லுல ஏற முடியாது. சரியா?”

“சரிக்கா” என்றான் சிலுப்பன். குரல் உடைந்துபோயிற்று.

“ஏன் அழுறே? கல்லு போச்சுன்னா?”

சிலுப்பன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷம் இந்தக் காட்டில் ஓடி ஓடி உழைத்தான். பாராட்டினார்கள். கல்லில் ஏற்றினார்கள். அப்போதெல்லாம் விருந்தாளி மாதிரியே ஒரு கூச்சம் அவன் மனதில் ஓரமாக இருந்துகொண்டே இருந்தது. இன்று மயிலுக்குக் கொடுத்த அதே தண்டனையை, கூட்டாமல் குறைக்காமல், அவனுக்கும் கொடுத்தார்கள். அந்த நிமிஷத்தில்தான் அவன் நாவல்மடுக்காரன் ஆனான்!

கோரையன் கூட்டத்துக்கு மழை வரும் வரை மடுவில் புரள்வது கூடாது என்று தீர்ப்பாயிற்று. கோரையன், “எனக்குக் கையே இல்லையே…” என்று ஏதோ ஆரம்பித்தான். “வாய் இருக்கு இல்ல? அதை மூடு!” என்றாள் துழாவி.

பிறகு கவுதாரிகள் விஷயம் வந்தது. புள்ளியம்மா எழுந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை.

“பார்த்தவங்க இல்லாத தப்பை, தானா ஒத்துக்கிட்டு இறங்கினவர் அவர். என் குட்டிக்கு அவரால நோவு வந்துச்சு, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை. அதுக்காக அந்தக் குஞ்சுங்க தாகத்தோட நிக்கணுமா? வந்து வாய் நனைக்கட்டும்!”

சபை ஒரே குரலில் ஆகட்டும் என்றது. செம்பிக்கு முதலில் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. பிறகு நாற்பது கவுதாரிகளும் ஒன்றாகச் சிறகடித்த ஓசை மடு முழுக்கக் கேட்டது.

முள்ளழகி பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கம் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, “வீட்டுல கிழங்கு ஒண்ணுமில்லைங்க” என்றாள்.

“நானே தோண்டுறேன்” என்றான் சிலுப்பன்.

“நகத்தைப் பார்ப்பேன்!” என்றாள் அவள். அப்போதுதான் அவன் சிரித்தான்.

மறுநாள் காலை, சபை புதிதாகக் கல்லில் உட்கார வைத்த புள்ளியம்மா கூவினாள். முயல்கள் குடித்தன. கவுதாரிக் குஞ்சுகள் குடித்தன. மான்கள் குடித்தன. பிறகு அவள் கொஞ்சம் நிறுத்தி, “முள்ளம்பன்றி முறை!” என்றாள்.

சிலுப்பன் குட்டிகளோடு வரிசையில் நடந்து போனான். புள்ளியம்மாவை நேராகப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவளும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் குடித்து முடிக்கும் வரை அடுத்த முறையைக் கூவாமல் காத்திருந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. அவன் குனிந்து, வயிறு நிறையக் குடித்தான்.

தன் தப்பை மறைக்கத் தன் சனத்தை முன்னால் நிறுத்தக் கூடாது. எல்லோருக்கும் ஒரே முறை உள்ள இடத்தில், தப்பை ஒத்துக்கொண்டு இறங்குகிறவனுக்குப் பதவிதான் போகும், ஊர் போகாது.